மாஸ்கோவுக்குப் போகாத வெற்றி



வரலாறு என்ற சொல்லைக் கேட்டதும் அரசர்களும் போர்களும் ஒப்பந்தங்களும் நம் நினைவுக்கு வருகின்றன. அதிலும் மலாக்கா மாநிலத்தில் வாழ்கிற நமக்குச் சொல்லவே வேண்டியதில்லை. பரமேசுவரா கண்ட நகரம். 1511இல் போர்த்துக்கீசியர் பிடித்த நகரம். 1641இல் டச்சுக்காரர் கைக்கு மாறிய நகரம். பிறகு ஆங்கிலேயர் ஆண்ட நகரம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் இந்த ஆண்டுகளை மனப்பாடமாக ஒப்பிப்பார்கள். ஆனால் ஜாசின் பட்டணத்துக் காப்பிக்கடையில் அறுபதைத் தாண்டிய நாலு பேர் உட்கார்ந்து பழங்கதை பேசத் தொடங்கினால், அங்கே 1511 வருவதில்லை, 1980 வருகிறது. அந்த ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாள், கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கத்தில் மலேசியாவும் தென் கொரியாவும் மோதிய காற்பந்தாட்டம் வருகிறது.

நாட்டின் பல ஊர்களிலும் இப்படித்தான். அந்த ஒரே ஆட்டத்தைப் பற்றி நாற்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகும் மக்கள் பேசுகிறார்கள். இத்தனைக்கும் அந்த வெற்றியால் நமக்குக் கிடைத்த பதக்கம் ஒன்றுமில்லை, கோப்பை ஒன்றுமில்லை. பின் ஏன் இந்தப் பேச்சு? அதைத்தான் இன்று நாம் சற்று எண்ணிப் பார்க்கப் போகிறோம்.

முதலில் அந்த ஆட்டம் ஏன் நடந்தது என்று தெரிந்துகொள்வோம். 1980ஆம் ஆண்டு ஒலிம்பிக் போட்டி சோவியத் நாட்டின் தலைநகரான மாஸ்கோவில் நடக்கவிருந்தது. காற்பந்தில் 16 நாடுகளுக்குத்தான் இடம். ஆசியாவில் யார் யார் போவது என்று முடிவு செய்யக் குழு குழுவாகத் தேர்வாட்டங்கள் நடந்தன. நமது குழுவில் மலேசியா, தென் கொரியா, ஜப்பான், இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ், புருணை ஆகிய 6 நாடுகள் இருந்தன. அந்த ஆட்டங்களை நடத்தும் பொறுப்பு கோலாலம்பூருக்குக் கிடைத்தது. மார்ச்சு மாதப் பிற்பகுதியில் ஆட்டங்கள் தொடங்கின. ஒவ்வொரு நாடும் மற்ற ஐந்து நாடுகளையும் ஒருமுறை சந்தித்தது.

அந்தச் சுற்றில் மலேசியா ஒரு தடவைகூடத் தோற்கவில்லை. ஆசியாவின் பலம்மிக்க குழுக்களில் ஒன்றான தென் கொரியாவையே 3-0 என்று வீழ்த்தியது. அத்தோடு பயணச்சீட்டு கைக்கு வந்துவிட்டது என்று நினைக்கத் தோன்றும். ஆனால் விதிமுறை வேறு. குழுவில் முதல் இரண்டு இடங்களைப் பிடித்த நாடுகள் இன்னொரு முறை மோத வேண்டும். அதில் வெல்பவருக்கே மாஸ்கோ. இதுதான் தேர்வு முடிவாட்டம். அதுவரை பெற்ற வெற்றிகள் அந்த ஒரு நாள் ஆட்டத்தில் கணக்கில் சேரா. மூன்று கோல் வித்தியாசத்தில் ஒருமுறை வென்ற எதிரியை மீண்டும் ஒருமுறை முதலிலிருந்து வெல்ல வேண்டும். தோற்றவனுக்கு இழப்பதற்கு ஒன்றுமில்லை. வென்றவனுக்கோ எல்லாவற்றையும் இழக்கும் அபாயம். முடிவாட்டத்தின் கொடுமையும் அதுதான், சுவையும் அதுதான்.

ஏப்ரல் 6 ஒரு ஞாயிற்றுக்கிழமை. மெர்டேக்கா அரங்கம் நிரம்பி வழிந்தது. அந்த அரங்கம் எப்படிப்பட்ட இடம் என்பதையும் நாம் மறந்துவிடக் கூடாது. 1957 ஆகஸ்டு 31ஆம் நாள் துங்கு அப்துல் ரஹ்மான் நாட்டின் விடுதலையை அறிவித்த அதே திடல் அது. விடுதலைக்கென்றே கட்டிய அரங்கம். அந்த மண்ணில் நடக்கும் ஆட்டத்தை வெறும் ஆட்டமாக மட்டும் பார்க்க அந்தத் தலைமுறையால் முடியவில்லை.

ஆட்டம் 2-1 என்று முடிந்தது. மலேசியா வென்றது. ஹசான் சானி பந்தைக் கொடுக்க, ஜேம்ஸ் வோங் உதைத்து அடித்த வெற்றிக் கோலைத்தான் அன்று கேட்டவர்களும் பார்த்தவர்களும் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். இருவரும் சபாவுக்காக ஆடியவர்கள். தீபகற்பத்தில் சபாவைக் கண்ணால் பார்த்திராத எத்தனையோ பேருக்கு, கடல் தாண்டிய அந்த மாநிலம் நம் நாடுதான் என்பதை உணர்த்தியவை அந்த இரண்டு பெயர்கள்.

குழுவுக்குத் தலைமை ஏற்றவர் சோ சின் ஆவுன். அவரை நாம் மலாக்காக்காரர் என்று உரிமையோடு சொல்லலாம். மலாக்கா மாநிலத்தில் மூன்றே மாவட்டங்கள்: மத்திய மலாக்கா, அலோர் காஜா, ஜாசின். சோ சின் ஆவுன் அலோர் காஜாவில் 1950இல் பிறந்தவர். தற்காப்பில் அவருக்குத் துணையாக நின்ற சீக்கியர் சந்தோக் சிங். கோல் கம்பங்களுக்கு நடுவே நின்றவர் ஆர். ஆறுமுகம்.

ஆறுமுகம்! அந்தப் பெயரைச் சொல்லும்போது நம் தோட்டத்து மக்களின் குரல் சற்று உயர்வதை நாம் கேட்டிருக்கிறோம். நீண்ட கைகளால் பந்தை எட்டிப் பிடிக்கும் அவரை நாடே ‘ஸ்பைடர்மேன்’ என்று அழைத்தது. ஆனால் தோட்டத்தில் அந்தப் பட்டப்பெயர் தேவைப்படவில்லை. ஆறு திசையிலிருந்தும் வரும் பந்தைக் காக்க ஆறு முகம் உள்ளவன்தானே வேண்டும் என்று சொல்லிச் சிரிக்க, அவருடைய சொந்தப் பெயரே போதுமானதாக இருந்தது.

இங்கே சற்று நின்று, அந்தக் காலத்து ஜாசின் வட்டாரத்தை நினைத்துப் பார்ப்போம். ரப்பர் வரலாற்றில் இந்த வட்டாரத்துக்குத் தனி இடம் உண்டு. மலாக்காவைச் சேர்ந்த டான் சே யான் என்ற சீனப் பெருவணிகர் 1890களில் ரப்பரைத் தோட்டப்பயிராக வளர்க்க முனைந்தார். அவருடைய பெருந்தோட்டங்களுள் ஒன்று உருவான புக்கிட் ஆசகான் இந்த மாவட்டத்தில்தான் இருக்கிறது. பின்னர் ரப்பருக்கு உலகச் சந்தையில் விலை ஏறியது. கங்காணிகள் தமிழகத்து ஊர்களிலிருந்து ஆட்களைத் திரட்டிக் கப்பலேற்றினார்கள். ஆசகான், மெர்லிமாவ், டைமண்ட் ஜூபிலி என்று தோட்டங்களின் பெயர்களே நம் மக்களுக்கு ஊர்ப் பெயர்களாயின.

தோட்டம் என்றால் அதற்கென்று ஓர் அமைப்பு உண்டு. பெரட்டுக்களம், லயத்து வீடுகள், மாரியம்மன் கோயில், தமிழ்ப்பள்ளி. இவற்றோடு ஒரு திடல். விடியும் முன் பெரட்டுக்குப் போய், பால் வெட்டி, வாளி சுமந்து, உச்சி வெயிலில் வீடு திரும்பிய இளைஞர்கள், மாலையில் அந்தத் திடலில் இறங்கினார்கள். கால்சட்டையும் பந்தும் இருந்தால் போதும். சப்பாத்து இல்லாவிட்டாலும் ஆட்டம் நடக்கும். துரை, கிராணி, மண்டோர், தொழிலாளி என்ற படிக்கட்டு தோட்டத்தில் எல்லா இடத்திலும் இருந்தது. அந்தத் திடலில் மட்டும் சிறிது நேரம் அது மறைந்தது. பந்து யாரிடம் இருக்கிறது என்பதே அங்கே கேள்வி.

இப்படிப் பந்தை உதைத்து வளர்ந்தவர்களுக்குத் தேசியக் குழு தூரத்துப் பொருளாகத் தோன்றவில்லை. 1972ஆம் ஆண்டு மூனிக் ஒலிம்பிக்கில் மலேசியக் காற்பந்துக் குழுவின் தலைவராக இருந்தவர் எம். சந்திரன். அதற்கு முந்திய ஆண்டு சியோலில் நடந்த தேர்வாட்டத்தில் தென் கொரியாவை அதன் சொந்த மண்ணிலேயே 1-0 என்று வென்றுதான் நம் குழு மூனிக்கை எட்டியது. அங்கே மேற்கு ஜெர்மனியிடம் 3-0, மொரோக்கோவிடம் 6-0 என்று தோற்றாலும், அமெரிக்காவை 3-0 என்று வென்றது. ஆகவே 1980இல் மாஸ்கோ என்பது எட்டாத கனவாக இருக்கவில்லை. எட்டு ஆண்டுகளுக்கு முன் திறந்த கதவு மீண்டும் திறக்கிறது என்ற எண்ணமே மக்களிடம் இருந்தது.

ஜாசினிலிருந்து கோலாலம்பூர் ஏறக்குறைய 150 கிலோமீட்டர். வடக்கு-தெற்கு நெடுஞ்சாலை முழுமையாகத் திறக்கப்பட்டதே 1994இல்தான். எனவே 1980இல் அரங்கத்துக்கு நேரில் போய் ஆட்டம் பார்ப்பது தோட்டத் தொழிலாளிக்கு எளிதான காரியமன்று. பேருந்துக் கட்டணமும் நுழைவுச்சீட்டும் சேர்ந்தால் சில நாள் கூலி போய்விடும். அதனால் பெரும்பாலோருக்கு வானொலிப் பெட்டியும், யாராவது ஒருவர் வீட்டுத் தொலைக்காட்சியுமே அரங்கமாயின.

வானொலியில் ஆட்டம் கேட்பது ஒரு தனி அனுபவம். அங்கே பந்து தெரியாது, பெயர்கள்தான் தெரியும். வருணனையாளர் ஒரு பெயரைச் சொல்கிறார். பந்து அவரிடம் இருக்கிறது. இன்னொரு பெயரைச் சொல்கிறார், பந்து மாறிவிட்டது. பெயர்களின் வேகம் கூடினால் ஆபத்து. குரல் உயர்ந்தால் கோல். மலாய் மொழியில் ஓடிய அந்த வருணனையில் ‘சோ சின் ஆவுன்’, ‘சந்தோக் சிங்’, ‘ஹசான் சானி’, ‘ஜேம்ஸ் வோங்’ என்று வரும் பெயர்களுக்கு நடுவே ‘ஆறுமுகம்’ என்ற பெயர் ஒலித்தது. நாட்டின் நலம் ஒரு தமிழரின் கைகளில் இருக்கிறது என்று நாடே கேட்டுக்கொண்டிருந்தது.

இதை மிகைப்படுத்திச் சொல்கிறோம் என்று நேயர்கள் நினைக்க வேண்டாம். 1980இல் தோட்டங்களில் வாழ்ந்த முதியோர் பலர், குடியுரிமைக்கும் நீல அடையாள அட்டைக்கும் அலைந்த அனுபவம் உள்ளவர்கள். 1969ஆம் ஆண்டு விதிமுறை வந்தபோது வேலை அனுமதி இல்லாமல் தடுமாறிய குடும்பங்களை அவர்கள் அறிவார்கள். ‘நீ இந்த நாட்டுக்காரனா?’ என்ற கேள்விக்கு அவர்கள் காகிதத்தைத் தேடித்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அந்த ஒன்றரை மணி நேரம் மட்டும் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. காப்பிக்கடைச் சீனரும், கம்பத்து மலாய்க்காரரும், லயத்துத் தமிழரும் ஒரே மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஒரே கோலுக்காகக் காத்திருந்தார்கள். அந்த ஆட்டம் இன்னும் மறக்கப்படாமல் இருப்பதற்கு இதுவே முதற்காரணம் என்று நாம் கருதுகிறோம்.

இரண்டாவது காரணம் துயரமானது. வெற்றி பெற்ற நம் குழு மாஸ்கோவுக்குப் போகவே இல்லை.

1979ஆம் ஆண்டு டிசம்பரில் சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்தன. அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டர் மாஸ்கோ ஒலிம்பிக்கைப் புறக்கணிக்கும்படி உலக நாடுகளைக் கேட்டுக்கொண்டார். 1980 சனவரியில் இஸ்லாமாபாத்தில் கூடிய இஸ்லாமிய நாடுகளின் வெளியுறவு அமைச்சர்களும் படையெடுப்பைக் கண்டித்தனர். பிரதமர் உசேன் ஓன் தலைமையிலான மலேசிய அரசும் புறக்கணிப்பை ஆதரித்தது. ஜூலை 19ஆம் நாள் மாஸ்கோவில் விழா தொடங்கியபோது மலேசியக் கொடி அங்கே இல்லை. ‘கைக்கெட்டியது வாய்க்கெட்டவில்லை’ என்ற பழமொழிக்கு இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு வேண்டுமா?

இந்த ஏமாற்றம் நமக்கு மட்டும் வந்ததன்று. காற்பந்தில் மட்டும் ஏழு நாடுகள் தகுதி பெற்றும் போகவில்லை. அமெரிக்காவின் இடத்தில் கியூபாவும், அர்ஜெண்டினாவின் இடத்தில் வெனிசுவேலாவும், நார்வேயின் இடத்தில் பின்லாந்தும், கானாவின் இடத்தில் நைஜீரியாவும், எகிப்தின் இடத்தில் சாம்பியாவும், ஈரானின் இடத்தில் சிரியாவும் ஆடின. மலேசியாவுக்குரிய இடம் ஈராக்குக்குப் போனது. ஈராக் கால் இறுதி வரை முன்னேறி, கிழக்கு ஜெர்மனியிடம் 4-0 என்று தோற்றது.

ஒருவருக்கு மூடிய கதவு இன்னொருவருக்குத் திறந்ததும் உண்டு. அதே மாஸ்கோவில் இந்திய வளைகோற்பந்துக் குழு தங்கப் பதக்கம் வென்றது. பலம்வாய்ந்த நாடுகள் சில வராததால் அங்கே போட்டி குறைந்திருந்தது. அந்தக் குழுவின் தலைவர் தமிழகத்தைச் சேர்ந்த வாசுதேவன் பாஸ்கரன். ஒரே ஆண்டு, ஒரே ஒலிம்பிக். ஒரு தமிழர் தங்கப் பதக்கத்தோடு சென்னைக்குத் திரும்பினார். இன்னொரு தமிழர் விமானமே ஏறவில்லை. இருவருடைய திறமையையும் இந்த ஒரு முடிவை வைத்து நாம் எடை போட முடியுமா?

‘போயிருந்தால் என்னவாகியிருக்கும்?’ என்ற கேள்வி இன்றும் காப்பிக்கடைகளில் எழுகிறது. ஈராக் கால் இறுதிக்குப் போனதென்றால் நாம் அதற்கும் மேலே போயிருப்போம் என்பார் ஒருவர். மூனிக்கில் ஆறு கோல் வாங்கியதை மறந்துவிட்டாயா என்பார் மற்றொருவர். இந்த வழக்குக்குத் தீர்ப்பு கிடையாது. தீர்ப்பு இல்லாததால்தான் வழக்கு நாற்பத்தைந்து ஆண்டுகளாக நடந்துகொண்டிருக்கிறது. மாஸ்கோவுக்குப் போய்த் தோற்றுத் திரும்பியிருந்தால், 1972ஐப் போல அதுவும் ஒரு புள்ளிவிவரமாகியிருக்கும். போகாததால் அந்த முடிவாட்டமே அந்தக் குழுவின் ஒலிம்பிக்காக மக்கள் நெஞ்சில் நின்றுவிட்டது. அதற்குப் பின் மலேசியக் காற்பந்துக் குழு எந்த ஒலிம்பிக்குக்கும் தகுதி பெறவில்லை என்பதும் அந்த நினைவின் எடையைக் கூட்டிவிட்டது.

ஆனால் நேயர்களே, நினைவை மட்டும் நம்பி வரலாறு எழுத முடியாது. இரசிகர்களின் நினைவில் சில மாற்றங்கள் இயல்பாகவே நேர்கின்றன. முதலாவது, இரண்டு ஆட்டங்கள் ஒன்றாகிவிடுகின்றன. சுற்றாட்டத்தின் 3-0 வெற்றியும் முடிவாட்டத்தின் 2-1 வெற்றியும் கலந்து, ‘அன்றைக்குக் கொரியாக்காரனைப் பொளந்து கட்டினோம்’ என்ற ஒரே கதையாகிவிடுகின்றன. உண்மையில் முடிவாட்டம் ஒரே கோல் வித்தியாசத்தில் கிடைத்த வெற்றி. இரண்டாவது, காதால் கேட்டது கண்ணால் பார்த்ததாக மாறிவிடுகிறது. வானொலி மனத்தில் வரைந்த படத்தின் மேல், பின்னாளில் பார்த்த படக்காட்சிகள் ஒட்டிக்கொள்கின்றன.

மூன்றாவது மாற்றம் அண்மைக் காலத்தது. 2016ஆம் ஆண்டு சியூ கெங் குவான் இயக்கத்தில் ‘ஓலா போலா’ என்ற மலேசியத் திரைப்படம் வெளிவந்தது. 1980ஆம் ஆண்டுக் குழுவின் கதையைத் தழுவிய படம் அது. அதில் கோல்காவலரின் பெயர் முத்துக்குமார். படம் நன்றாக ஓடியது. இளைஞர்கள் விரும்பிப் பார்த்தார்கள். அது நல்லதே. அந்தப் படம் இல்லாவிட்டால் இன்றைய பிள்ளைகள் பலருக்கு அந்த ஆண்டே தெரிந்திருக்காது. ஆனால் படத்துப் பாத்திரத்தின் பெயர் நின்று, உண்மையில் கம்பங்களுக்கு நடுவே நின்றவரின் பெயர் மறைந்தால் அது நமக்கு இழப்பு. 1988ஆம் ஆண்டு, முப்பத்தைந்தாம் வயதில், ஆறுமுகம் சாலை விபத்தில் காலமானார். தம்முடைய கதையைத் தாமே சொல்ல அவர் இன்று இல்லை. நாம்தான் சொல்ல வேண்டும்.

சொல்ல வேண்டியவர்களும் குறைந்துகொண்டே வருகிறார்கள். ஜாசின் வட்டாரத்தில் பால்மரங்கள் நின்ற நிலங்களில் பெரும்பகுதி செம்பனையாக மாறிவிட்டது. தோட்டத்து மக்கள் பட்டணத்துத் தாமான்களுக்கும், ஜொகூர் பாரு, சிங்கப்பூர், கிள்ளான் பள்ளத்தாக்குத் தொழிற்சாலைகளுக்கும் சிதறிவிட்டார்கள். லயம் போனால் திடலும் போகிறது. ஒன்றாக உட்கார்ந்து கேட்ட கூட்டமும் கலைகிறது. அந்நாளைய ஆட்டச் செய்திகளைத் தமிழில் தந்த ‘தமிழ் நேசன்’ நாளிதழும், 1924இல் தொடங்கி, 2019இல் நின்றுவிட்டது. மெர்டேக்கா அரங்கம் மட்டும் பழைய வடிவத்துக்குப் புதுப்பிக்கப்பட்டு மரபுச் சின்னமாகப் பாதுகாக்கப்படுகிறது. அரங்கத்தைப் பாதுகாக்க அரசும் அறநிறுவனமும் இருக்கின்றன. அரங்கத்துக்கு வெளியே, நூற்றைம்பது கிலோமீட்டருக்கு அப்பால், வானொலியைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களின் நினைவைப் பாதுகாக்க யார் இருக்கிறார்கள்?

இது பெரிய காரியமன்று. பள்ளி மாணவர்களே செய்யலாம். வீட்டில் தாத்தாவோ, பெரியப்பாவோ, அண்டை வீட்டு அம்மாவோ இருந்தால் அவர்களிடம் நான்கு கேள்விகள் கேளுங்கள். அந்த ஆட்டத்தை எங்கே இருந்து கேட்டீர்கள்? உடன் இருந்தவர்கள் யார்? எந்த ஆட்டக்காரரின் பெயர் முதலில் நினைவுக்கு வருகிறது? குழு மாஸ்கோவுக்குப் போகாது என்று தெரிந்தபோது என்ன பேசிக்கொண்டீர்கள்? அவர்கள் சொல்வதை அப்படியே எழுதி வையுங்கள். பிறகு பழைய நாளிதழ்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கோல் கணக்கில் தவறு இருந்தால் ஏட்டின்படி திருத்திக்கொள்ளலாம். ஆனால் அவர் யாரோடு உட்கார்ந்து கேட்டார், எந்தப் பெயருக்குக் கைதட்டினார் என்பதை எந்த நாளிதழும் எழுதி வைக்கவில்லை. அந்தச் செய்தி அவரிடம் மட்டுமே இருக்கிறது.

பதக்கப் பட்டியலில் 1980ஆம் ஆண்டுக்கு எதிரே மலேசியாவின் பெயர் இல்லை. அதனால் அந்த ஆண்டு ஒன்றுமே நடக்கவில்லை என்று ஏட்டை மட்டும் படிப்பவர் முடிவு கட்டிவிடலாம். ஒரு நாடு முழுவதும் ஒரே குரலில் கூவிய நாள் ஒன்று இருந்தது என்பதற்கும், அந்தக் கூவலில் தோட்டத்து மக்களின் குரலும் சேர்ந்திருந்தது என்பதற்கும், இன்று சாட்சிகள் உயிரோடு இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்டுக்கொள்வோம்.